நரம்பில் ஓடுவது கரண்ட் என்றால் குளிரில் விரல் ஏன் மரத்துப்போகிறது?

கோத்தகிரிப் பக்கம் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. சுருக்கிச் சொல்கிறேன். மார்கழி, தை மாதக் காலையில் கொழுந்து பறிக்கப் போகும் அவருடைய அம்மாவுக்கு விரல் மரத்துப்போகிறது, சட்டைப் பொத்தானைக்கூடப் போட வரவில்லை. உயிரியல் புத்தகமோ நரம்பில் போவது மின்சாரச் செய்தி என்கிறது. இயற்பியல் புத்தகம் குளிர்ந்தால் கம்பியின் மின்தடை குறையும் என்கிறது. அப்படியானால் குளிரில் நரம்பு இன்னும் நன்றாக அல்லவா வேலை செய்ய வேண்டும்? கூடவே ஒரு துணைக்கேள்வி: அம்மா ராத்திரியில் நெற்றியில் நீலகிரித் தைலம் தடவிக்கொள்கிறார், அது ஏன் சில்லென்று இருக்கிறது?

தம்பி, உங்கள் தர்க்கத்தில் தப்பே இல்லை. தாமிரக் கம்பி ஒவ்வொரு டிகிரி குளிரும்போதும் அதன் மின்தடை ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். நரம்பும் கம்பிதான் என்றால் தலைகுந்தாவில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும் உறைபனிக் காலையில்தான் நம் கை படு சுறுசுறுப்பாக இருக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு. அதனால் தப்பு உங்கள் தர்க்கத்தில் இல்லை, 'நரம்பில் கரண்ட் ஓடுகிறது' என்று நாங்கள் ஆசிரியர்கள் வகுப்பில் அவசரமாகச் சொல்லிவிட்டுப் போகும் வாக்கியத்தில் இருக்கிறது. நரம்பில் செய்தி ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு வழிந்து ஓடுவதில்லை. வழியெங்கும், ஒவ்வொரு இடத்திலும், அது புதிதாக உண்டாக்கப்படுகிறது. அப்படி உண்டாக்குபவை புரதத்தால் ஆன குட்டிக் குட்டிக் கதவுகள். குளிரில் மந்தமாவது அந்தக் கதவுகள்தான்.

வேகத்தைப் பார்த்தாலே இது கம்பி வேலை இல்லை என்று தெரிந்துவிடும். கம்பியில் மின்செய்தி ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேலான வேகத்தில் போகும். நரம்புச் செய்தியும் அப்படித்தான் இருக்கும், அளக்கவே முடியாது என்று ஜெர்மனியில் யோகான்னஸ் முல்லர் என்ற பெரிய உடலியல் பேராசிரியர் நினைத்தார். அவரிடமே படித்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850ல் தவளைக் கால் நரம்பை வைத்து அளந்தே காட்டினார்: விநாடிக்கு 27 மீட்டர் சொச்சம். மணிக்கு 100 கிலோமீட்டர்கூட வரவில்லை! மனித உடலில் மிக வேகமான நரம்பிழைகளில் விநாடிக்கு 100 முதல் 120 மீட்டர், மிக மெதுவானவற்றில் விநாடிக்கு ஒரு மீட்டர்தான். கல்லில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்று ஒரு வலி, ஒரு விநாடி கழித்து இன்னொரு மந்தமான, எரிகிற வலி வருகிறது இல்லையா? இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பியவைதான், வேறு வேறு வேகமுள்ள இழைகளில் வந்ததால் முன்னும் பின்னுமாக வந்து சேர்கின்றன.

நரம்பு செல்லின் நீண்ட வாலை ஆக்ஸான் என்கிறோம். முதுகுத்தண்டில் தொடங்கிக் கால் விரல்வரை ஒரே செல்லின் வால், ஒரு மீட்டர் நீளம், ஆனால் தலைமுடியைவிட மிக மெல்லியது. உள்ளே இருப்பது உப்புத் தண்ணீர் மாதிரியான திரவம். தாமிரத்தோடு ஒப்பிட்டால் அதன் மின்தடை கோடிக்கணக்கான மடங்கு அதிகம். போதாக்குறைக்குச் சுற்றியிருக்கும் சவ்வு ஒழுகுகிற சவ்வு. ஒரு முனையில் சின்னதாக மின்னழுத்தம் கொடுத்துவிட்டுச் சும்மா விட்டால், சில மில்லிமீட்டர் போவதற்குள் அது கசிந்து காணாமல் போய்விடும். இவ்வளவு மட்டமான கம்பியை வைத்துக்கொண்டு விரல்நுனியிலிருந்து மூளைவரை செய்தி அனுப்ப வேண்டும் என்றால் வழியிலேயே திரும்பத் திரும்ப உயிர் கொடுத்துக்கொண்டே போவதைத் தவிர வேறு வழியில்லை.

அதற்கான சக்தி எங்கே இருக்கிறது? சவ்விலேயே, தயார் நிலையில் இருக்கிறது. செல்லுக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் சொன்னால் பொட்டாசியம் உள்ளே 140 போல, வெளியே 4 அல்லது 5, சோடியம் வெளியே 145, உள்ளே 12 போல. இந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்கி வைத்திருப்பது சவ்வில் பதிந்திருக்கும் ஒரு பம்ப்: ஒரு சுற்றுக்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். 1957ல் ஸ்கூ என்ற டென்மார்க் விஞ்ஞானி நண்டு நரம்பில் இதைக் கண்டுபிடித்தார், நோபல் பரிசு வந்தது 40 வருஷம் கழித்து 1997ல். செல் சும்மா இருக்கும்போது சவ்வில் திறந்திருப்பவை பெரும்பாலும் பொட்டாசியத்தை மட்டும் விடும் துளைகள். பொட்டாசியம் நேர்மின்னூட்டம் கொண்டது, அது கொஞ்சம் வெளியே கசிந்ததும் உள்பக்கம் எதிர்மின்னாகிவிடும், அந்த எதிர்மின் மேற்கொண்டு பொட்டாசியம் வெளியேறாமல் பிடித்து இழுக்கும். இழுபறி சமமாகும் இடம் பொட்டாசியத்துக்கு மட்டும் என்றால் மைனஸ் 90 மில்லிவோல்ட். கொஞ்சம் சோடியமும் உள்ளே ஒழுகுவதால் நிஜத்தில் மைனஸ் 70 பக்கம் நிற்கும்.

70 மில்லிவோல்ட்தானா என்று தோன்றலாம், டார்ச் லைட் பேட்டரியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சவ்வின் தடிமனைப் பாருங்கள், சுமார் 5 நானோமீட்டர். இந்த அழுத்தம் அந்த இடுக்கில் நிற்கிறது என்றால் சென்டிமீட்டருக்கு 1,40,000 வோல்ட் என்ற கணக்கு. காய்ந்த காற்றில் பொறி பறக்க சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் போதும். சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் இவ்வளவு வலுவான மின்புலத்துக்கு நடுவில்தான் எப்போதும் உட்கார்ந்திருக்கின்றன. அதனால்தான் அழுத்தத்தில் பத்துப் பதினைந்து மில்லிவோல்ட் மாறினாலே சில புரதங்கள் உருவம் மாறித் திறந்துகொள்கின்றன.

முன்னால் கதவுகள் என்று சொன்னேனே, அவை இவைதான், சேனல் என்று பெயர். அப்படித் திறப்பதில் முக்கியமானது சோடியம் சேனல். தொடுகையாலோ வெப்பத்தாலோ பக்கத்து நரம்பின் தூண்டுதலாலோ ஓரிடத்தில் மைனஸ் 70 என்பது மைனஸ் 55 வாக்கில் ஏறிவிட்டது என்று வையுங்கள். அங்கே இருக்கும் சோடியம் சேனல்கள் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், உள்ளே இன்னும் நேர்மின்னாகும், அதனால் இன்னும் சேனல்கள் திறக்கும், இன்னும் சோடியம் பாயும். ஆரம்பித்துவிட்டால் பாதியில் நிற்காது. ஒரு மில்லி விநாடிக்குள் உள்பக்கம் பிளஸ் 30, 40 வரை போய்விடும். அதற்குள் சோடியம் சேனல்கள் தாமாகவே அடைத்துக்கொள்ளும், மெதுவாகத் திறக்கும் பொட்டாசியம் சேனல்கள் இப்போது திறந்து பொட்டாசியத்தை வெளியே விட, அழுத்தம் பழையபடி இறங்கிவிடும். இதற்குத்தான் ஆக்‌ஷன் பொடென்ஷியல், செயல் மின்னழுத்தம் என்று பெயர், இனிச் சுருக்கமாகத் துடிப்பு என்கிறேன். பல் பிடுங்கும் முன் டாக்டர் ஊசியில் போடும் லிக்னோகெய்ன் இந்தச் சோடியம் சேனலைத்தான் அடைக்கிறது, வேறொன்றும் இல்லை.

இங்கே இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள், பரீட்சையில் பலரும் தடுமாறுவது இங்கேதான். அயனிகள் (மின்னூட்டம் கொண்ட சோடியமும் பொட்டாசியமும்) நரம்பின் நீளவாக்கில் விரலிலிருந்து மூளைக்குப் பயணம் செய்யவில்லை, சவ்வைக் குறுக்கே கடந்து உள்ளே வெளியே போகின்றன, அவ்வளவுதான். இரண்டாவது, ஒரு துடிப்புக்குக் கடக்கும் அயனிகள் மிகச் சொற்பம், சதுர மைக்ரானுக்குச் சில ஆயிரம் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பெரிய ஆக்ஸானில் உள்ளே இருக்கும் மொத்த அளவு அசைந்ததாகவே தெரியாது. அதனால் 'பம்ப் அடிப்பதால் சிக்னல் வருகிறது' என்று எழுதாதீர்கள். ஊசிக்கணவாய் என்ற கடல் உயிரின் பெரிய ஆக்ஸானில் பம்பை விஷம் வைத்து நிறுத்தினாலும் அது ஆயிரக்கணக்கான துடிப்புகளை அனுப்பும். பம்ப் பின்னால் இருந்து நிதானமாகச் சரக்கை நிரப்பி வைக்கிறது. அந்த நிரப்பும் வேலைக்கு ஆகும் செலவு பெரிது. உடல் எடையில் 2 சதவீதம் இருக்கும் மூளை உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வதில் பெரும்பங்கு இப்படி அயனிகளைத் திரும்பத் தள்ளும் வேலைக்குத்தான் போகிறது.

ஓரிடத்தில் நடந்த இந்தத் துடிப்பு எப்படி முன்னேறுகிறது? மாசி, பங்குனியில் மலைச்சரிவில் காய்ந்த புல்லில் தீப்பிடித்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே எரிந்த புல்லே மேலே நகர்ந்து வருவதில்லை, ஒரு தூறின் சூடு அடுத்த தூறைப் பற்றவைக்கிறது, அடுத்தது தன் சொந்தப் புல்லையே எரித்துக்கொள்கிறது. அதனால் அடிவாரத்தில் எவ்வளவு உயரம் எரிந்ததோ உச்சியிலும் அவ்வளவே எரியும், தூரத்தால் குறையாது. எரிந்து கருகிய இடம் உடனே மறுபடி பிடிக்காது, அதனால் தீ முன்னோக்கியே போகும். நரம்பிலும் இப்படியே. ஓரிடத்தில் புகுந்த சோடியம் பக்கத்துச் சவ்வை மைனஸ் 55க்கு ஏற்றிவிடும், அங்கே இருக்கும் சேனல்கள் தங்கள் பங்குக்கு வெடிக்கும், பின்னால் இருக்கும் சேனல்கள் ஓரிரு மில்லி விநாடிக்கு அடைபட்டுக் கிடப்பதால் துடிப்பு திரும்பி வராது.

இதை எல்லாம் கண்டுபிடித்த கதையிலும் உங்கள் குளிர் வருகிறது. மனித ஆக்ஸான் மிக மெல்லியது, உள்ளே மின்முனையைச் செருக முடியாது. ஊசிக்கணவாய் ஆபத்து வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி ஓடுவதற்கு வைத்திருக்கும் ஆக்ஸானோ அரை மில்லிமீட்டர், சிலவற்றில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இருக்கும், கண்ணாலேயே பார்க்கலாம். 1939ல் இங்கிலாந்தின் பிளிமத் கடற்கரை ஆய்வகத்தில் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் அதற்குள் மெல்லிய மின்முனையைச் செருகி அளந்தார்கள். துடிப்பின்போது சவ்வு கிழிந்ததுபோல் ஆகி அழுத்தம் பூஜ்யத்துக்கு வரும், அவ்வளவே என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அளவுகோலோ பூஜ்யத்தைத் தாண்டிப் பிளஸ் பக்கம் போய்விட்டது! சில வாரங்களில் உலகப்போர் வந்து வேலை நின்றது. போருக்குப் பிறகு, வெளித்திரவத்தில் சோடியத்தைக் குறைத்தால் துடிப்பின் உயரமும் குறைகிறது என்று ஹாட்ஜ்கினும் காட்ஸும் 1949ல் காட்டினார்கள். 1952ல் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவரும் சேனல்கள் எவ்வளவு வேகத்தில் திறந்து மூடுகின்றன என்பதைச் சமன்பாடுகளாகவே எழுதிவிட்டார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த கணினி அந்தச் சமயத்தில் மாற்றியமைக்கும் வேலையில் இருந்ததால் ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வாரக்கணக்கில் கணக்குப் போட்டார். வந்த விடை: துடிப்பு விநாடிக்கு 18.8 மீட்டர் வேகத்தில் போக வேண்டும். நிஜ ஆக்ஸானில் அளந்தது 21.2. சேனல் என்று ஒரு புரதத்தை யாரும் பார்த்திராத காலத்தில் இவ்வளவு பக்கத்தில் வந்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். 1963ல் நோபல் கொடுத்தார்கள்.

அவர்கள் அந்தச் சமன்பாடுகளை எழுதிய வெப்பநிலை என்ன தெரியுமா? 6.3 டிகிரி. ஊட்டியின் ஜனவரிக் காலை! குளிரவைத்தால் கதவுகள் மெதுவாகத் திறக்கும், மெதுவாகத் திறந்தால் அன்றைய கருவிகளால் அளக்க முடியும், அதனால்தான் குளிரவைத்தார்கள். மற்ற வெப்பநிலைகளுக்கு மாற்ற அவர்கள் வைத்த விதி, 10 டிகிரி ஏறினால் கதவுகளின் வேகம் 3 மடங்கு. உங்கள் கேள்விக்கான விடை இந்த ஒரு எண்ணில் இருக்கிறது. குளிரில் உப்புத் தண்ணீரின் மின்தடை கூடுவது சின்ன விஷயம் (கம்பிக்கு நேர்மாறாக, திரவத்தில் அயனி குளிரில் மெதுவாக நகரும்), கதவுகள் மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்குவதுதான் பெரிய விஷயம்.

இனி அம்மாவின் விரலுக்கு வருவோம். கையின் நரம்புகளில் வேகம் வழக்கமாக விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் இருக்கும், தோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் அதில் 2 மீட்டர் போலக் குறையும். குளிரில் உடல் தன் சூட்டைக் காப்பாற்ற விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது, பனியில் நனைந்த இலை வேறு விரலைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது, விரல்நுனி பத்து டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கினால் துடிப்பு தாமதமாவதோடு நிற்காது, பல இழைகளில் வராமலே போய்விடும். அதைத்தான் மரத்துப்போவது என்கிறோம். பொத்தான் போட வராததற்குத் தசையும் குளிர்ந்து மெதுவாகச் சுருங்குவது கூடுதல் காரணம்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? மரத்த விரலில் தொட்டது தெரியாது, வலி மட்டும் தெரியும். கேத்தியில் விடியும் முன்னால் தண்ணீரில் கேரட் அலசுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள், கையில் இருப்பது கேரட்டா கல்லா என்று தெரியாது, ஆனால் கடுப்பு உயிர் போகும். தொடுகையைச் சொல்லும் தடித்த இழைகள் குளிரில் முதலில் படுத்துவிடுகின்றன, வலியைச் சொல்லும் மெல்லிய இழைகள் தாக்குப்பிடிக்கின்றன. வலி நரம்புகளில் மட்டும் முக்கியமாக இருக்கும் ஒருவகைச் சோடியம் சேனல் குளிரிலும் வேலையை விடுவதில்லை என்று 2007ல் எலிகளில் கண்டுபிடித்தார்கள். அந்தச் சேனல் இல்லாத எலிகளுக்குக் குளிரில் வலி தெரிவதில்லை. யோசித்துப் பார்த்தால் ஏற்பாடு சரிதான், விரல் உறையும் நேரத்தில் எச்சரிக்கை மணியும் சேர்ந்து உறைந்துபோனால் விரலே போய்விடும்.

தைலத்துக்கு வருகிறேன். மற்றக் கதவுகள் எல்லாம் குளிரில் மந்தமாகும்போது, குளிர்ந்தால் திறக்கிற கதவு ஒன்றும் நம் தோல் நரம்புகளில் இருக்கிறது. அதன் பெயர் டிஆர்பிஎம்8. தோல் 25, 28 டிகிரிக்குக் கீழே போனால் அது திறந்து சோடியமும் கால்சியமும் உள்ளே வரும், அழுத்தம் மைனஸ் 55ஐத் தொடும், துடிப்பு கிளம்பும், மூளை 'குளிர்' என்று எடுத்துக்கொள்ளும். இந்தக் கதவைக் குளிர் இல்லாமலே திறக்கும் வேதிப்பொருள்கள் உண்டு. புதினாவில் வரும் மெந்தால் அதில் பேர்போனது, கற்பூர மரத்து இலையில் காய்ச்சும் நம் தைலத்தில் பாதிக்கு மேல் இருக்கும் சினியோல் என்ற யூகலிப்டாலும் அதே வேலையைச் செய்யும், மெந்தால் அளவு வலுவாக இல்லாவிட்டாலும். தைலம் ஆவியாகும்போது கொஞ்சம் நிஜமாகவே குளிரும், ஆனால் சில்லென்று நெடுநேரம் இருப்பது இந்தக் கதவின் வேலை. 2002ல் டேவிட் ஜூலியஸ் குழுவும் ஆர்டெம் பட்டபூட்டியன் குழுவும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன, 2021ல் நோபல் பரிசை அவர்கள் இருவரும் பகிர்ந்துகொண்டதில் இந்த வேலைக்கும் பங்கு உண்டு. மிளகாய் எரிவதும் இப்படியே, அங்கே திறப்பது 43 டிகிரிக்கு மேல் திறக்கும் சூட்டுக் கதவு. நரம்பில் போகும் துடிப்பு குளிருக்கும் சூட்டுக்கும் வலிக்கும் ஒரே மாதிரிதான். எந்த நரம்பில் வந்தது, விநாடிக்கு எத்தனை வந்தது, இதை வைத்துத்தான் மூளை வித்தியாசம் பார்க்கிறது. லேசான குளிருக்குச் சின்னத் துடிப்பு, கடுங்குளிருக்குப் பெரிய துடிப்பு என்று கிடையாது, எண்ணிக்கை மட்டும் கூடும்.

வேகம் பற்றி இன்னும் ஒன்று பாக்கி. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கணவாய் ஆக்ஸானில் 20 மீட்டர் சொச்சம் வேகம், அதில் முப்பதில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லாத நம் இழையில் 100 மீட்டர். எப்படி? மயலின். ஒரு துணைச் செல் தன் சவ்வை ஆக்ஸான் மேல் அடுக்கடுக்காகச் சுற்றிக்கொள்கிறது, மின்சாரம் ஒழுகாத கொழுப்பு உறை. ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்று போல ஒரு மைக்ரான் அளவு இடைவெளி மட்டும் விட்டு வைத்திருக்கும், ரன்வியர் கணு என்று பெயர், சோடியம் சேனல்கள் எல்லாம் அங்கேதான் நெருக்கியடித்து நிற்கின்றன. துடிப்பு கணுவில் மட்டும் உண்டாகும், இடைப்பட்ட தூரத்தை மின்புலம் நொடியில் கடந்துவிடும். உறை இல்லாமல் இதே 100 மீட்டர் வேகம் வேண்டுமென்றால், தடிமனின் வர்க்கமூலப்படிதான் வேகம் கூடும் என்பதால், ஒவ்வொரு இழையும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருக்க வேண்டும். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் மட்டும் பத்து லட்சம் இழைகள் இருக்கின்றன, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

மயலின் எவ்வளவு முக்கியம் என்பதை நம் மலையில் வயசானவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை வைத்தே சொல்லலாம். வெறிநாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி, நாள் தவறாமல் பதினான்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907ல் வந்ததே தென்னிந்தியாவில் இந்த நோய்க்கு மருந்து கொடுக்கத்தான். அந்தக் காலத்துத் தடுப்பூசி, கசௌலியில் டேவிட் செம்பிள் 1911ல் உருவாக்கிய முறைப்படி, வைரஸ் ஏற்றிய ஆட்டு மூளையிலிருந்து தயாரானது. இந்தியா முழுக்க லட்சக்கணக்கான உயிரைக் காப்பாற்றிய மருந்து அது, இதைச் சொல்லாமல் குறை சொல்லக் கூடாது. ஆனால் ஆட்டு மூளையில் வைரஸோடு மயலினும் இருக்கும். சிலருடைய உடலின் எதிர்ப்பு சக்தி அதையும் எதிரியாக எடுத்துக்கொண்டு, பிறகு சொந்த நரம்பின் மயலினையே தாக்கிக் கை கால் விழுந்துபோகும். ஆக்ஸான் அறுபடவில்லை, சேனல்கள் இருக்கின்றன, உறை மட்டும் போனது, துடிப்பு அடுத்த கணுவை எட்டும் முன் கசிந்துவிட்டது. அதனால்தான் 2005 வாக்கில் நாடு முழுவதும் அதை நிறுத்திவிட்டு, செல் வளர்ப்பில் தயாராகும் தடுப்பூசிக்கு மாறினார்கள், இப்போது கையில்தான் போடுகிறார்கள், சில ஊசிகளே. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெறிநோய் வைரஸும் மூளைக்கு நரம்பு வழியாகத்தான் போகிறது, ஆனால் துடிப்போடு அல்ல. ஆக்ஸானுக்குள் சரக்கு தூக்கும் புரதங்களில் தொற்றிக்கொண்டு நாளைக்குச் சில மில்லிமீட்டரிலிருந்து சில சென்டிமீட்டர் என்று ஊர்ந்து போகும். கடித்தவுடன் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டால் தப்பிக்க முடிவதற்கு அந்த மந்தம்தான் காரணம்.

மயலின் சிதைந்தவர்களுக்குக் குளிர் நல்லது செய்யும் என்பது ஒரு வேடிக்கை. மல்டிபிள் ஸ்கிலீரோசிஸ் உள்ளவர்கள் வெந்நீரில் குளித்தால் பார்வை மங்கும், கால் தளரும், உடல் ஆறினால் சரியாகும். உடற்பயிற்சியில் பார்வை இப்படி மங்குவதை 1890ல் ஊத்தோஃப் என்ற கண் மருத்துவர் எழுதிவைத்தார். குளிரில் சோடியம் கதவு மெதுவாக மூடுவதால் ஒவ்வொரு துடிப்பும் கொஞ்சம் அதிக நேரம் நீடிக்கும், அதிக மின்னூட்டம் உள்ளே வரும், உறை போன இடத்தைத் தட்டுத்தடுமாறித் தாண்ட அது போதும். வேகம் குறைந்தாலும் பரவாயில்லை, போய்ச் சேர்ந்தால் சரி என்ற நிலையில் இருக்கும் நரம்புக்குக் குளிர் உதவுகிறது.

ஆக்ஸானின் கடைசி முனையில் இந்த மின்வேலை முடிந்துவிடும். அடுத்த செல்லுக்கு முன்னால் 20 நானோமீட்டர் போல ஓர் இடைவெளி, சினாப்ஸ். துடிப்பு வந்ததும் கால்சியம் சேனல்கள் திறக்கும், கால்சியம் நுழைந்ததும் வேதிப்பொருள் நிரம்பிய குமிழ்கள் சவ்வோடு ஒட்டி உடைந்து இடைவெளியில் கொட்டும், எதிர்ப்பக்கத்துப் புரதம் அதைப் பிடித்துத் தன் கதவைத் திறக்கும். எல்லாம் அரை மில்லி விநாடி, ஒரு மில்லி விநாடிக்குள். தசைக்குப் போகும் நரம்பில் அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். கொட்டியதை உடனே சிதைத்துவிட ஒரு நொதி அங்கேயே காத்திருக்கும், இல்லாவிட்டால் தசை சுருங்கியபடியே நிற்கும். உருளைக்கிழங்குக்கும் கேரட்டுக்கும் மருந்தடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இங்கே: ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் பூச்சியில் கெடுப்பது இந்த நொதியைத்தான், மனிதனுக்கும் அதே நொதிதான். அடித்துவிட்டு வந்தவருக்கு வாயில் எச்சில் ஊற்றி, வியர்த்துக் கொட்டி, கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கி, தசை துடித்தால் 'பித்தம்' என்று மோர் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம், துணியைக் கழற்றி உடம்பைக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு. அட்ரோபின் என்று ஊசி இருக்கிறது, நேரத்தில் கிடைத்தால் பிழைப்பார்கள்.

கடைசியாக அம்மாவைப் பற்றி. வெயில் ஏறி, கை சூடானதும் மரப்பு போய்விடுகிறது என்றால் அது மேலே சொன்ன கதவுகளின் மந்தம்தான், பயப்பட ஒன்றுமில்லை. பறிக்கப் போகும் முன்னும் நடுவிலும் கையைச் சூடுபடுத்திக்கொள்வது, உள்ளே நனையாத கையுறை, இவை போதும். ஆனால் மத்தியானத்திலும் மரப்பு இருந்தாலோ, ராத்திரியில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, முக்கியமாகக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்து, கையை உதறினால் கொஞ்சம் தெளிந்தாலோ, அது குளிர் இல்லை. நாள் முழுக்க மணிக்கட்டை மடக்கி நிமிர்த்தி வேலை செய்கிறவர்களுக்கு அங்கே நரம்பு நசுங்கி, அந்த இடத்தில் மயலின் தேய ஆரம்பிக்கும். சர்க்கரை, பி12 குறைவு இருந்தாலும் மரப்பு வரும், அது பெரும்பாலும் காலில் தொடங்கும். விரல் குளிரில் வெள்ளையாக வெளுத்து, பிறகு நீலமாகிச் சிவந்தால் இரத்தக் குழாய்ச் சங்கதி, அதுவும் டாக்டர் பார்க்க வேண்டியது. நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனை எழுதிக் கொடுத்தால், ஊட்டியிலோ கோயம்புத்தூரிலோ எங்கே எடுத்தாலும், மின்முனை ஒட்டும் முன் கையைத் தொட்டுப் பார்த்துச் சூடுபடுத்தச் சொல்லிக் கேளுங்கள். தோல் 32 டிகிரிக்குக் கீழே இருந்தால் நல்ல நரம்பும் அந்தச் சோதனையில் நோயுள்ள நரம்பாகத் தெரியும், மலைக்காற்றில் பைக்கில் வந்து இறங்கிய கை அநேகமாக அதற்கும் கீழேதான் இருக்கும்.